விலக்கிலிருந்து ஊர்வரை

மதுரைக்குத் தெற்கே பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு 'விலக்கு' என்ற சொல் பழக்கமாக இருக்கும். ஏதோ ஓர் ஊர்ப்பெயர், அதற்குப் பின்னால் 'விலக்கு'. கண்டக்டர் அதைச் சொல்லி விசில் அடித்ததும் நாலைந்து பேர் இறங்குவார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஊர் எதுவும் கண்ணில் படாது. ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, உள்ளே வளைந்து போகும் ஒரு சாலை, அவ்வளவுதான். கொங்குப் பக்கம் இதையே 'பிரிவு' என்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 'கூட்டுரோடு'. 'கைகாட்டி' என்று சொல்கிற இடங்களும் உண்டு. சொல் எதுவானாலும் சேதி ஒன்றுதான்: ஊர் இங்கே இல்லை, இன்னும் உள்ளே போகணும்.

போக்குவரத்து வரலாறு என்று புத்தகங்களில் நாம் படிப்பது கட்டைவண்டி, ரயில், பஸ், கார் என்று வரிசையாக வரும். அது பெரிய சாலையின் கதை. சிற்றூரின் கதை விலக்கில்தான் தொடங்குகிறது. பெரிய சாலையில் ஒரு வாகனம் வந்து ஐம்பது வருடம் ஆனபிறகும் இந்த இரண்டு மூன்று மைலில் ஆட்கள் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டுப் பார்த்தால் மண், பணம், சாதி, பர்மிட் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் நடை. 'நடராஜா சர்வீஸ்' என்று கிண்டலாகச் சொல்வோம். ஆனால் மிக நீண்ட காலம் ஊருக்கு இருந்த ஒரே சர்வீஸ் அதுதான். சுமை என்றால் தலைச்சுமை. துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் கூடையோ மூட்டையோ. தலைச்சுமையில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கிவிட ஒரு ஆள், இறக்கிவிட ஒரு ஆள் வேண்டும். தனியாக நடப்பவர் களைத்துப்போனால் என்ன செய்வார்? அதற்குத்தான் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, ஆள் உயரத்துக்குக் குறுக்கே இன்னொரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பலாம். பிள்ளையைச் சுமந்த வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நடுவது வழக்கம். இறக்கிவைக்காமலே போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம்.

இன்று இந்தக் கற்கள் பல, சம்பந்தமே இல்லாத இடத்தில் முள்ளுக்குள் நிற்கின்றன. பழைய நடைபாதை எது வழியாகப் போனது என்பதற்கு அவைதான் சாட்சி. வாரச்சந்தைக்கும் நடையோடு கணக்கு உண்டு. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று சந்தை சுற்றிவருவதால், விடியலில் கிளம்பி விற்று வாங்கி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரத்தில் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் சந்தை இருக்கும்.

வண்டி என்பது பாரம் ஏற்றத்தான். சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள் கூட்டங்கூட்டமாக வண்டி ஓட்டிப் போனார்கள். மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். ஸ்டெப்னி டயருக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அண்ணன். அந்தக் காலத்துப் பாதை எந்த லட்சணத்தில் இருந்தது என்பதும் அந்த ஒற்றை அச்சிலேயே தெரிந்துவிடுகிறது.

மாட்டுவண்டி எளிமையானது என்று நினைத்துவிடக் கூடாது. சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தில் ஆரக்கால்களை அறைந்து, அவற்றின் மேல் விளிம்பாக வட்டைகளைப் பொருத்துவது ஆசாரியின் வேலை. அதற்கு மேல் இரும்புப் பட்டா போடுவது கொல்லர் வேலை. பட்டாவைச் சக்கரத்தைவிட ஒரு பொட்டுச் சின்னதாக அடித்து, எருமூட்டம் போட்டுச் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். இடுக்கியால் நாலு பேர் தூக்கி வந்து சக்கரத்தில் மாட்டி, மரம் புகைய ஆரம்பிக்கும்போதே தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆணியைவிட இந்தப் பிடிதான் பலம். அச்சுக்குப் போட, வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. மாட்டுக்கு லாடம், மூக்கணாங்கயிறு, பூட்டாங்கயிறு. இவ்வளவும் ஊருக்குள்ளேயே கிடைத்தது. வண்டி கெட்டால் ஊரிலேயே சரிசெய்யலாம். பின்னால் வந்த எந்த வாகனத்துக்கும் இந்தச் சவுகரியம் இல்லை.

மாடும் மண்ணுக்கு ஏற்றபடிதான். வறண்ட கொங்கு நிலத்தில் பாரம் இழுக்கக் காங்கயம் மாடு, டெல்டாவின் சேற்றில் இறங்கி வேலை செய்ய உம்பளச்சேரி மாடு. வேகம் என்னவோ மனிதன் நடக்கும் வேகத்தைவிடப் பெரிதாக இல்லை, மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். அதனால் வண்டி வந்ததால் யாரும் சீக்கிரம் போய்விடவில்லை, அதிகமாகக் கொண்டுபோனார்கள். சொகுசாக உட்கார்ந்து போவதற்கு வில்வண்டியும் கூண்டுவண்டியும் இருந்தன. அவை நிலமும் வசதியும் உள்ள வீடுகளின் வாசலில் நின்றன. மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

வண்டிக்குப் பாதை வேண்டுமே. வருவாய்த்துறைப் பதிவில் 'வண்டிப்பாதை' என்றே ஒரு வகை உண்டு, புறம்போக்கு நிலம். நடைமுறையில் அது இரண்டு சக்கரங்கள் பதிந்த சோடு, அவ்வளவே. சக்கரம் பதியப் பதியத் தரை தாழும். மழை பெய்தால் அதுவே ஓடையாகிவிடும். கரிசல் காட்டில் இன்னும் மோசம். கோடையில் பாளம்பாளமாக வெடிக்கிற மண், ஐப்பசி மழைக்குப் பசைபோல ஒட்டி அச்சுவரை வண்டியை விழுங்கும். இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் வருடத்துக்கு ஒரு சாண் வரப்பைத் தள்ளித் தள்ளிப் போட, பத்தடிப் பாதை ஆறடியானது தனிக்கதை. கிராமத்து வழித்தகராறுகளில் பாதிக்கு மூலம் அந்த ஒரு சாண்தான்.

சரி, வெள்ளைக்காரன் சாலை போட்டான், ரயில் விட்டானே என்று கேட்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடியது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று இன்னொரு பாதை. ரயில் வந்தால் மாட்டுவண்டி போய்விடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. நெல்லும் பருத்தியும் கடலையும் ஸ்டேஷன்வரை வரவேண்டும், அதற்கு வண்டிதான். ஸ்டேஷன் உள்ள ஊர் வளர்ந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வண்டியோட்டும் வேலை கூடியது. ரயிலில் ஏறியது விளைச்சல்தான், விளைவித்தவர் கொண்டுவந்து போட்டுவிட்டு அதே வண்டியில் திரும்பினார்.

சாலைகளை 1884இல் வந்த சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டத்தின் கீழ் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பார்த்துக்கொண்டன. கையில் இருந்த பணம் குறைவு. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைக்குக் கப்பி போட்டு உருளை ஓட்டுவதற்குள் அது தீர்ந்துவிடும். சாலையிலிருந்து கிராமத்துக்குப் பிரியும் பாதை யார் கணக்கிலும் சேராது. விலக்கு என்பது வரைபடத்தில் உருவானது இப்படித்தான்.

மோட்டார் பஸ் வந்ததும் இதேபோலத்தான். 1910களிலேயே டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டுவிட்டார். 1920இல் ஜி.டி.நாயுடு ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பிறகு பெரிய நிறுவனமாக்கினார். எல்லாமே ஊர் விட்டு ஊர் போகும் வழித்தடங்கள். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின், எந்தத் தடத்தில் யார் ஓட்டலாம் என்பதைப் பர்மிட் தீர்மானித்தது. பர்மிட்டுக்குப் போட்டி போடுகிறவர் கூட்டம் உள்ள தடத்தைத்தான் கேட்பார். முந்நூறு வீட்டுக்காக மூன்று மைல் மண்பாதையில் வண்டியின் ஸ்பிரிங்கை முறித்துக்கொள்ள எந்த முதலாளிக்குப் பைத்தியம்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸின் பின்னால் கரியடுப்பை மாட்டிக் கரிவாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிக்க முடியாத விஷயமும் உண்டு. டிக்கெட் வாங்கக் காசு இருந்தாலும் எல்லாரையும் ஏற்ற மாட்டார்கள். தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றுவதில்லை என்பதைச் சில பஸ் முதலாளிகள் வெளிப்படையான விதியாகவே வைத்திருந்தார்கள். டபிள்யூ.பி.ஏ.சௌந்திரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கிற பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னை தியாகராயநகரின் பாண்டி பஜார் இவர் பெயரில்தான் இருக்கிறது. துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

உள்பாதையை உண்மையில் மாற்றிய முதல் வாகனம் என்று என்னைக் கேட்டால் சைக்கிளைத்தான் சொல்வேன். அதற்குச் சாலை தேவையில்லை, வரப்பே போதும். பர்மிட் வேண்டாம், தீனி வேண்டாம். வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடை. கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் ஒரு காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தே கற்றுக்கொண்டார்கள். பால்காரர், தபால்காரர், ஐஸ் விற்பவர், பாத்திரம் விற்பவர் என்று வெளியுலகம் ஊருக்குள் வந்ததும் சைக்கிள் கேரியரில்தான். ஆனால் பல ஊர்களில் மேல்சாதித் தெரு வந்ததும் தலித்துகள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. வாகனம் கைக்கு வந்தபிறகும் தெரு வரவில்லை.

பெண்களின் கைக்குச் சைக்கிள் போனது இன்னும் தாமதம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். எழுத்தும் சைக்கிளும் எங்கே ஒட்டும் என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது. அங்கிருந்த பெண்களுக்குச் சட்டென்று புரிந்தது. விலக்கில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், புருஷனோ தம்பியோ கொண்டுவிட வேண்டாம், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நினைத்த நேரத்தில் கிளம்பலாம். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதால் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்கே போகும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்றவர்களும் உண்டு. பிறகு 2001-02இல் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. 2005-06இல் அது அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லாருக்கும் என்றானது. பத்தாவதோடு படிப்பு நின்றுபோவதற்கு, மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்ததும் ஒரு காரணம் என்பதை யோசித்துச் செய்த வேலை அது.

இடையில் பஸ் ஒருவழியாக விலக்கைத் தாண்டி உள்ளே வந்தது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. பிறகு அண்ணா, கட்டபொம்மன், தந்தை பெரியார், திருவள்ளுவர் என்று பட்டியல் நீண்டது. 1997இல் ஒரு கழகத்துக்கு வைத்த பெயரையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக்கலவரம் மூண்டு, கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். பெயர் போனது, பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அரசு பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் கிராமத்தைப் பொறுத்தவரை ஒரே வித்தியாசம்தான். லாபமுள்ள தடத்தில் சம்பாதித்ததை நட்டத் தடத்தில் செலவழிக்கக் கழகத்தால் முடியும். எம்எல்ஏவிடம் மனுக்கொடுத்தால், தார்ச்சாலை போட்ட கையோடு டவுன் பஸ் வந்துவிடும். முதல் பஸ் வந்த நாளில் வாழைமரம் கட்டி, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து வரவேற்காத ஊர் குறைவு.

அதற்கப்புறம் ஊரின் கடிகாரம் பஸ்தான். 'எட்டேகால் பஸ் போயிருச்சா?' என்றால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. நைட் ஹால்ட் பஸ் கிடைத்த ஊருக்குத் தனி மரியாதை. கடைசி டிரிப்பாக ராத்திரி வரும் பஸ் கோயில் திடலில் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுப்பார்கள், யார் வீட்டிலிருந்தாவது சாப்பாடு வரும். விடிவதற்கு முன்னால் அதே பஸ் முதல் டிரிப்பாகக் கிளம்பும்போது பூக்கூடை, கீரைக்கட்டு, பால்கேன், மருத்துவமனைக்குப் போகும் கிழவர் எல்லாரும் ஏறுவார்கள். விளைந்ததை அன்றைக்கே டவுனில் விற்க முடிந்ததால்தான் பல ஊர்களில் கத்தரியும் மல்லிகையும் போட்டார்கள். பஸ் நேரத்துக்கும் பயிருக்கும் இருந்த இந்த உறவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

ஆனாலும் பஸ் திரும்பும் இடம் ஊர்த் திடல்தான். அங்கிருந்து தலித்துகள் குடியிருக்கும் காலனிக்கு இன்னும் அரை கிலோமீட்டர். விலக்குக்குள் இன்னொரு விலக்கு.

பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்கென்று 1990களின் இறுதியில் தமிழ்நாட்டில் மினிபஸ் திட்டம் வந்தது. 2000 டிசம்பர் 25இல் மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப்பகுதியில் 250 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு எல்லாப் பருவத்துக்குமான சாலை என்பது அதன் அளவுகோல். அதற்குக் குறைந்த மலைக்கிராமங்களில் நோயாளியையும் பிரசவ வலி எடுத்தவரையும் மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிவருவது தொடர்ந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தபின்னும், சாலை முடியும் இடம்வரை டோலி, அங்கிருந்துதான் ஆம்புலன்ஸ். மலையில் விலக்கு அந்த இடம்.

சாலை நன்றாகப் போட்டதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்ததுதான் வேடிக்கை. 1980இல் வந்த டிவிஎஸ் 50, மாட்டுவண்டி செய்த வேலைகளைக் கேட்டுவாங்கிக்கொண்டது. புல்லுக்கட்டு, பால்கேன், உரமூட்டை, குறுக்கே படுத்த ஓர் ஆடு, பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை. தவணையில் பைக் கிடைக்க ஆரம்பித்ததும் இளவட்டங்கள் பஸ்ஸை விட்டார்கள். 2005இல் வந்த டாடா ஏஸ் 'குட்டியானை' ஆகி, காய்கறியைத் தோட்டத்திலிருந்தே ஏற்றிப்போனது. கண்டக்டரின் தோல்பையில் விழவேண்டிய காசு குறைந்தது. ஆளில்லை என்று மத்தியான டிரிப்பைக் கட் செய்தார்கள். டிரிப் இல்லை என்று மிச்சமிருந்தவர்களும் பைக் வாங்கினார்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போகிற சுழல். மினிபஸ்களும் இதில்தான் பல இடங்களில் நின்றுபோயின. 2025 ஜூனில் தஞ்சாவூரில் மறுபடி புதிய மினிபஸ் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

இந்தச் சுழலுக்கு நடுவில், 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த பஸ்ஸில் இன்று ஏறிப் பாருங்கள். நூறுநாள் வேலை இல்லாத நாளில் டவுனுக்குக் கூலிக்குப் போகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், மகள் வீட்டுக்குப் போகும் ஆச்சி. ஆண்கள் என்றால் முதியவர்களும் பள்ளிப் பையன்களும்தான். வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது ஆணிடம் இருக்கிறது, பெண்ணுக்குப் பஸ். இலவசம் என்று இதை எள்ளி எழுதுகிறவர்கள், பஸ் காசை மிச்சம்பிடிக்க விலக்கிலிருந்து ஊர்வரை நடந்தவர்கள் யார் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதலாம்.

பெரிய சாலையோ நான்குவழியாகிவிட்டது. இருபுறமும் வெள்ளை, கறுப்புப் பட்டையோடு எண் போட்டு நின்ற புளியமரங்கள் போய்விட்டன. நடுவில் தடுப்புச் சுவர். எதிர்ப்பக்கம் இருக்கும் ஊருக்குத் திரும்ப அடுத்த பாலம்வரை போய்ச் சுற்றிவர வேண்டும், அல்லது தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்தவர்களின் விபத்துச் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. தூரத்து பஸ்கள் 'பைபாஸ் ரைடர்' என்று போர்டு மாட்டிக்கொண்டு விலக்கில் நிற்பதே இல்லை. கெஞ்சிக் கேட்டால் சில டிரைவர்கள் மேம்பாலத்தின் காலடியில் இறக்கிவிடுவார்கள்.

அப்படி ராத்திரி பத்து மணிக்கு இறங்கிய ஒருவர் இப்போது நடப்பதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுக்கிறார். 'தம்பி, விலக்குல நிக்கிறேன். வண்டிய எடுத்துட்டு வா.'